மாத்திரை கலக்காத சூப்பு

கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே உயரமான இடம் என்றால் எங்கள் மாதா கோயில் மணிக்கூண்டு, அதை விட்டால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு இங்கே கொடுத்த குடியிருப்பு மேட்டின் உச்சியில் இருந்தது. சுகாதார நிலையம் பள்ளத்தில். நடுவில் நாற்பத்தொரு படிகள். காலையில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி, மாலையில் மறுபடி ஏற வேண்டும். முதல் மாதம் இதை ஒரு உடற்பயிற்சி என்று வீட்டுக்காரரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். ஐப்பசி மழை தொடங்கியதும் என் வலது முட்டி பப்பாளிப் பிஞ்சு மாதிரி வீங்கிக்கொண்டது.

இதில் பெரிய சங்கடம் என் வேலைதான். மலையில் என் மருந்து ஜன்னலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் முட்டி வலிக்காரர்கள். மிளகுக் கொடிக்காக மரம் ஏறுகிறவர்கள், சரிவில் உட்கார்ந்து தினைக்குக் களை எடுக்கிறவர்கள், மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்து ஒற்றையடிப் பாதையில் வருகிறவர்கள். அவர்களிடம் மாத்திரையை நீட்டி, "சாப்பிட்ட பிறகு போடுங்க, குத்த வைக்காதீங்க, மேடு பள்ளம் ஏறி இறங்காதீங்க" என்று வரிசையாகச் சொல்வேன். அவர்கள் ஒரு முறை சுற்றியிருக்கும் மலையைப் பார்ப்பார்கள், ஒரு முறை என்னைப் பார்ப்பார்கள், பிறகு "சரிங்க" என்று மரியாதையாகப் போய்விடுவார்கள்.

எங்கள் டாக்டர் சேலத்துப் பிள்ளை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் முட்டியை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நாமக்கல்லுக்கு அனுப்பிப் படம் எடுக்க வைத்தார். தேய்மானம், கூடவே உள்ளே அழற்சி என்றார். மாத்திரை எழுதினார், எடையைக் குறைக்கச் சொன்னார், கால் பயிற்சி செய்யச் சொன்னார். மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் முட்டி கொஞ்சம் அடங்கியது. ஆனால் நெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தில் அடுப்பு வைத்த மாதிரி எரிந்தது. வீக்கமா, எரிச்சலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் சூப்புக்காரம்மா என் வாழ்க்கைக்குள் வந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூரில் வீடு; சில ஊர்கள் சேர்ந்ததை இந்த மலையில் நாடு என்பார்கள். அருவிக்குப் போகும் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் சூப்புக் கடை வைத்திருந்தார். அந்த அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும், குளித்துவிட்டு அத்தனையும் ஏற வேண்டும். ஏறி வந்தவர்களுக்குக் கால் நடுங்கும். நடுங்குகிற காலோடு நிற்பவர் முன்னால் மூட்டு வலிக்குச் சூப்பு என்று பலகை இருந்தால் வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும். தினமும் காலையில் பஸ்ஸுக்காக எங்கள் சுகாதார நிலையத்துக்கு எதிரில் நிற்பார். நான் படி இறங்குவதைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சாலையைத் தாண்டி வந்தார்.

"ஏனுங் மேடம், நண்டாட்டம் பக்கவாட்டுல எறங்கறீங்களே."

முட்டி என்றேன். மறுநாள் ஒரு சின்னத் தூக்குவாளியோடு வந்து நின்றார். மூடியைத் திறந்ததும் மிளகும் சீரகமும் பூண்டுமாக ஒரு வாசனை. என்ன என்று கேட்டேன். அவர் சொன்ன நீளமான பெயரில் என் காதில் விழுந்தது 'ஆட்டுக்கால்' மட்டும்தான்.

அது தவக்காலம் தொடங்கிய வாரம். நாங்கள் நாற்பது நாள் கறி தொடுவதில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. இப்போது விரதம், ஆட்டுக்கால் ஆகாது, ஈஸ்டர் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மலைக்காரர்களுக்கு விரதம் என்றால் கேள்வியே கிடையாது. அவர்கள் சாமிக்கும் எத்தனையோ கட்டுப்பாடு உண்டு. வாளியை மூடினார். "வெரதம்னா வெரதம்தானுங்க. முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அந்த நாற்பது நாளும் எனக்கு உண்மையான தவமாக இருந்தது. எலும்புச் சாறு முட்டிக்கு நல்லது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். எதிரில் நிற்கும் பெண்ணின் வாளியில் ஆட்டுக்கால் சூப்பு கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, நான் படியில் நண்டாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்கு மலையிறங்கிப் போயிருந்தேன். மொத்தம் பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டு ஜெபிக்க வேண்டும். ஏழாவது நிலையில் இரண்டு பேர் என்னைத் தூக்கி விட்டார்கள். அடுத்த நிலையிலிருந்து நின்றபடியே ஜெபித்தேன்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வாளி வந்தது. மருந்தறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். நன்றாக இருந்தது. ஆட்டுக்கால் சூப்பின் அதே வழவழப்பு, அதே மணம். ஆனால் அடிவரை குடித்தும் ஒரு எலும்பு கிடைக்கவில்லை. பச்சையாக நார் நாராக ஏதோ தட்டுப்பட்டது. ஆட்டின் காலை அவர்கள் வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குச் சாறு மட்டும் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இலவசமாகக் கொடுப்பவரிடம் எலும்பு எங்கே என்று கேட்பது முறையில்லை. இருந்தாலும் நாலாவது நாள் கேட்டுவிட்டேன்.

"எலும்புங்களா?" என்று அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த பையிலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தார். பழுப்பு நிறத்தில் அடர்த்தியாக ரோமம் மூடி, விரல் தடிமனில் வளைந்து கிடந்தது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். பார்ப்பதற்கு அச்சாக ஆட்டுக்குட்டியின் கால்.

"கெழங்குங்க மேடம். முடவாட்டுக்கால். பாறைமேல மொளைக்கிறது. இதுல ஆடு எங்கிருந்து வந்துச்சு?"

பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு செடியின் கிழங்கு அது. ரோமத்தைச் சீவினால் உள்ளே வெளிர்ப் பச்சை. நாற்பது நாள் நான் துறந்தது ஒரு காய்கறியை. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியபடி பஸ்ஸுக்கு ஓடினார் என்பதை, பஸ் நகரும்போது அவர் தோள் குலுங்கியதில் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சூப்பு. மூன்று வாரத்தில் முட்டி வீக்கம் வடிந்தது. நேராகப் படி இறங்கினேன். எதனால் என்று சொல்ல எனக்கு இன்றும் தைரியம் இல்லை. மழை நின்று வெயில் வந்திருந்தது. மதியச் சாப்பாட்டைக் கீழேயே கொண்டுவந்துவிட்டதால் இரண்டு நடை குறைந்திருந்தது. நோன்பில் எடையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்போது இதையெல்லாம் யோசிக்கிறேன். அப்போது எனக்கு ஒரே காரணம்தான், அது வாளியில் வந்தது. டாக்டர் எழுதிய மாத்திரையை அவரிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டேன்.

நிறுத்தினேனே தவிர, மருந்தாளுநர் மாத்திரையை விட்டுவிட்டுச் சூப்புக் குடிக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. வாளியை வெள்ளைப் பிளாஸ்க்கில் மாற்றிக்கொள்வேன். ஒரு நாள் டாக்டர் மருந்தறைக்குள் வந்து மூக்கைச் சுருக்கினார். மிளகு வாசனை வருகிறதே என்றார். ரசம் என்றேன். காலை ஒன்பது மணிக்கு யார் ரசம் குடிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

வைகாசியில் ஒரு நாள் நோயாளிகள் எல்லோரும் போன பிறகு சூப்புக்காரம்மா ஜன்னலுக்கு வந்தார். கையில் வாளி இல்லை. நாலாக மடித்த ஓ.பி. சீட்டு இருந்தது. பிரித்துப் பார்த்தேன். டாக்டரின் கையெழுத்து. இரண்டு முட்டியிலும் வலி, வீக்கம். எழுதியிருந்தது நான் நிறுத்திய அதே மாத்திரை.

சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், நீங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. சூப்பு விக்கிறவளுக்கே முட்டி வலின்னு தெரிஞ்சா ஒருத்தன் வாங்கிக் குடிப்பானுங்களா?"

நீங்கள் ஏன் உங்கள் சூப்பைக் குடிக்கவில்லை என்று கேட்டேன். விடியலில் தொடங்கி பொழுது இறங்கும் வரை அதை இடித்து, கொதிக்க வைத்து, கிண்டி, ஊற்றிக் கொடுத்து, அந்த வாசனை சேலையிலும் தலைமுடியிலும் ஏறிப்போய், ஒரு மடக்குக்கூட உள்ளே இறங்குவதில்லை என்றார். பக்கத்தில் எங்கேயாவது காப்பிக்கொட்டை வறுத்தால்தான் மூக்குக்கு விடுதலையாம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம் வந்தது. அவர் எனக்குச் சூப்புக் கொடுப்பதை யாருக்கும் சொல்லமாட்டார். அவருக்கு நான் மாத்திரை கொடுப்பதை நானும் சொல்லமாட்டேன். காலையில் வாளி சாலையைத் தாண்டி வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாத்திரை சாலையைத் தாண்டிப் போகும்.

இது இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இல்லை. ஆனியில் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பியது. அதே இடம், அதே அடுப்பு. மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகிறதே, எங்கிருந்து எரிகிறது? அந்த வாரமே சூப்புக்காரம்மாவின் வீட்டுக்காரர் முட்டி வலிச் சீட்டோடு வந்தார். அடுத்த வாரம் அவருடைய நாத்தனார் வந்தார். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒரே மாத்திரை.

ஒரு சந்தேகம் மனதில் வந்து விழுந்தது. மூலிகைப் பொடியில் வலி மாத்திரையை அரைத்துக் கலக்கிறவர்கள் உண்டு என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குடித்ததும் கேட்கும், வயிறு புண்ணாகும். எனக்குக் குடித்ததும் கேட்டது. வயிறு எரிந்தது. அப்படியானால் நான் என் கையால் கொடுக்கும் மாத்திரை என் கைக்கே சூப்பாகத் திரும்பி வருகிறதா? அருவிக்கு வரும் ஜனம் முழுவதும் என் மருந்தைக் குடிக்கிறதா?

நேரே கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால் அவர் மனம் நொந்து சூப்பு நின்றுவிடும் என்ற கவலையும் இருந்தது. சந்தேகமும் வேண்டும், சூப்பும் வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகிறவள் மாதிரி கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சூப்புக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு முன்னாலேயே ஒரு பானை வைத்தார். ரோமம் சீவினார், நறுக்கினார், உரலில் இடித்தார், சின்ன வெங்காயம் பூண்டு தக்காளி போட்டார். கண் கொட்டாமல் பார்த்தேன். கடைசியில் பின்னால் திரும்பி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து அதிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளிப் பானையில் போட்டார். அது என்ன என்று கேட்டேன்.

"உப்புங்க" என்றார். "ஏன், உங்க ஊர்ல போட மாட்டாங்களா?"

உப்பு விளைகிற ஊரிலிருந்து வந்தவள் நான். கல்லுப்புதான் என்பதை வாங்கி நாக்கில் வைத்துச் சரிபார்த்தேன். அவர் அதையும் ஊர்ப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இது போதாது என்று பட்டது. அவர் செய்வதையும் நானே செய்வதையும் ஒப்பிட வேண்டும். சனிக்கிழமை அடிவாரத்தில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய் நாலு கிழங்கும் மிளகும் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் என் பை சாய்ந்து கிழங்கு ஒன்று வெளியே உருண்டு, அடுத்த வளைவில் முன்சீட்டுக்கும், அதற்கடுத்த வளைவில் பின்சீட்டுக்கும் போய் வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு எலி என்றார். இன்னொருவர் கீரிப்பிள்ளை என்றார். கண்டக்டர் மட்டும் நிதானமாகக் குனிந்து எடுத்து, அதன் ரோமத்தைத் தடவிக்கொண்டே, யாருக்கு மேடம் முட்டி வலி என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்று பொய் சொன்னேன்.

ஒரு வாரம் என் சூப்பையே குடித்தேன். வயிறு எரியவில்லை. முட்டியும் கேட்கவில்லை. மாறாக, அந்த வாரம் பெய்த சாரலில் லேசாக வீங்கியது. ஆக, அவர் சூப்பில் ஏதோ இருக்கிறது. என் சந்தேகம் இப்போது முக்கால்வாசி நிச்சயமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சமவெளியிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். மூட்டு அழற்சிக்கும் வலிக்கும் செடிகளின் சாறு உதவுமா என்பது அவள் ஆய்வு. மலையில் என்னென்ன கிழங்கு, இலை பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றாள். டாக்டர் அவளை என்னிடம் அனுப்பினார். நான் சூப்புக்காரம்மாவிடம் அழைத்துப் போனேன். கடையில் அவர் வீட்டுக்காரரும் இருந்தார். பாறை ஏறிக் கிழங்கு எடுத்து வருவது அவர் வேலை. அதிகம் பேசாத மனிதர்.

மாணவி பொறுமையாக விளக்கினாள். கிழங்கைக் காய வைத்துப் பொடித்து, தண்ணீரில் ஒரு பங்கு, சாராயத்தில் ஒரு பங்கு ஊற வைத்து, வடித்து, வற்ற வைத்து, அந்தச் சாறை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எலிக்கு முட்டி வலி வருமுங்களா?"

"தானா வராதுங்க. நாங்க வர வைப்போம். பாதத்துல ஊசி போட்டா வீங்கும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "நல்லா இருக்கிற எலிக்கு நீங்களே வலிய வரவச்சு, நீங்களே சூப்பும் தர்றீங்க."

"ஆமாங்க."

"சாராயத்துல ஊறினதையும் தருவீங்க."

"அதுல சாராயம் இருக்காதுங்க, வத்த வச்சிடுவோம்."

"அப்புறம் அந்த எலிக்கு என்னதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு அவர் கிழங்கு மூட்டையை எடுக்கப் போய்விட்டார். மாணவி தன் நோட்டில் எதையோ எழுதிவிட்டு அடித்தாள்.

எலிக்கு வீக்கம் குறைந்தால் மனிதருக்கும் குறையும் என்று அர்த்தமா என்று நான் கேட்டேன். இல்லை மேடம், அதற்கு இன்னும் வெகு தூரம் போக வேண்டும் என்றாள். எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள், ஈரலுக்கு ஒத்துக்கொள்ளுமா, ஒன்றும் தெரியாது. ஒரே கிழங்கு ஒரு பாறையில் விளைந்ததும் இன்னொரு மரத்தில் விளைந்ததும் ஒன்றாக இருக்குமா என்பதுகூடத் தெரியாது. அவள் பேசப் பேச எனக்கு அவளைப் பிடித்துப்போனது. தெரியாது என்பதை இத்தனை தெளிவாகச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் வைத்து ஒரு பாட்டில் சூப்பையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாத்திரையையும் கையில் கொடுத்தேன். இதற்குள் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல், யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் பாட்டிலைத் திருட்டுச் சரக்கு மாதிரி துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. இரண்டையும் ஒரு ஆய்வுத் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் சொட்டு வைத்துப் பார்த்தாளாம். மாத்திரை இருந்த அடையாளமே இல்லை. மூன்று முறை பார்த்திருக்கிறாள்.

"அப்ப என் வயிறு ஏன்மா எரியுது?"

"மிளகு மேடம். மூடியைத் திறந்ததும் லேப்ல நாலு பேரும் தும்மினோம். இவ்வளவு மிளகு போட்டா எனக்கே எரியும்."

மலையில் விளைகிற முதல் தர மிளகு. நான் மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கென்று தனியாகக் கைப்பிடி கூடுதலாகப் போட்டிருந்தாராம், பிறகுதான் தெரிந்தது. சந்தையில் வாங்கிய மிளகை நான் எண்ணிப் போட்டதால் என் சூப்பு எரியவில்லை. அவர் அன்பாகப் போட்டதை நான் விஷம் என்று நினைத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

இதை மறைத்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மறுநாள் காலை அவர் வாளியோடு சாலையைத் தாண்டி வந்தபோது என்னால் முகம் பார்க்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிஸ்கட் டப்பா, சந்தை, பாட்டில், எல்லாம். அவர் கையில் இருந்த வாளி மடிமேல் இறங்கியது. முகத்தில் கோபம் இல்லை. ஆளே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

"மாத்திரை கலந்திருக்குன்னு நெனச்சுட்டேதான் தெனமும் குடிச்சீங்களா?"

"ஆமாக்கா."

"அப்படியும் குடிச்சீங்க."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் எதிர்ப்பக்கம் பார்க்காமலே பஸ் ஏறினார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனாரும் வீட்டுக்காரரும் உண்மையிலேயே முட்டி வலிக்காரர்கள் என்பது, அந்த மூன்று நாளில் அவர்கள் பஸ் ஏறுவதைக் கவனித்தபோதே தெரிந்தது. ஒருவர் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். மற்றவர் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினார். இத்தனை நாள் என் கண் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

நாலாவது நாள் வந்தார். வாளி இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் இருந்தது. அந்தப் புள்ள சொன்னதைப் பலகையில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். சமாதானத்துக்கு வழி கிடைத்த சந்தோஷத்தில் யோசிக்காமல் சரி என்றேன்.

ஆடி மாதக் கூட்டம் தொடங்கியபோது அருவிப் படிக்கட்டில் புதுப் பலகை தொங்கியது. பெரிய எழுத்தில், 'மாத்திரை கலக்காத சூப்பு'. கீழே சின்னதாக, 'ஆய்வுக்கூடத்தில் சோதித்தது'.

அதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் சிக்கல். அங்கே வரிசையாக ஏழெட்டுச் சூப்புக் கடைகள் உண்டு. படி ஏறி வந்த ஜனம் பலகையைப் படித்துவிட்டு, மற்றக் கடைகளில் போய், அப்படியானால் உங்கள் சூப்பில் மாத்திரை கலப்பீர்களா என்று விசாரிக்க ஆரம்பித்தது. கேட்கப்பட்டவர்களுக்கு எப்படி இருக்கும். இரண்டாவது நாளே அத்தனை கடைக்காரர்களும் சூப்புக்காரம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பில் சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். மாத்திரை என்று எழுதியிருப்பதால் மாத்திரைக்காரியிடம்தானே கேட்க வேண்டும்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். அவர் முன்னால் என் நாலு மாதச் சரித்திரமும் துண்டு துண்டாக வெளியே வந்தது. யார் யாரைச் சந்தேகப்பட்டார், யார் பாட்டில் அனுப்பினார், யார் தினமும் குடித்தார் என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அது ரசம் இல்லையா மேடம்?"

இல்லை என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குடித்தது தப்பில்லை, கிழங்குச் சூப்பு உடம்புக்கு என்ன செய்யும் என்று தனக்கும் தெரியாது, ஆனால் மாத்திரையை நிறுத்தியதையும் வயிறு எரிந்ததையும் தன்னிடம் சொல்லாததுதான் தப்பு என்றார். நோயாளிகளிடம் இதையே நான் தினமும் சொல்கிறேன். அன்று ஜன்னலின் மறுபக்கத்தில் நின்று கேட்டேன்.

கடைக்காரர்களைச் சமாதானம் செய்தது சூப்புக்காரம்மாதான். ஜீப்பிலேயே ஏறி உட்கார்ந்து எல்லோரையும் அருவிக்கு அழைத்துப் போனார். பலகையைக் கழற்றி, எல்லாக் கடைக்கும் பொதுவாகப் படிக்கட்டின் உச்சியில் மாட்டுவதாகப் பேசி முடித்தார். மற்றக் கடைகளின் சூப்பை யாரும் சோதிக்கவில்லையே, அந்தச் சின்ன எழுத்தை எப்படி விடுவது என்று கேட்டேன். சுண்ணாம்பு பூசி அதை அழித்தார்கள். 'மாத்திரை கலக்காத சூப்பு' மட்டும் நின்றது. கேள்வி கேட்ட ஜனமும் ஓய்ந்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவான பலகையை யார் படிக்கிறார்கள்.

டாக்டர் எங்கள் இருவரையும் விடவில்லை. மாதம் ஒரு முறை கீழேயிருந்து வரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒப்படைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. எனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மாத்திரை எழுதினார். சூப்பில் மிளகைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிச் சூப்புக்காரம்மாவிடம் தனியாகச் சொன்னார். அவருக்கு அது வருத்தம். மிளகைக் குறைத்தால் விருந்தாளிக்குக் குறைத்த மாதிரி என்றார்.

தனியாகச் செய்தால் இருவருமே ஏமாற்றுவோம் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அருவிக் கடைக்குப் போய்விடுவேன். கூட்டம் குறைந்த நேரத்தில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டுவோம். எண்ணுவது அவர். ஏழுக்கு மேல் வேகமாக எண்ணிவிடுவார். நான் கண்டுகொள்வதில்லை.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் படி ஏறி வந்தார்கள். சூப்பை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் காலை நீட்டியிருந்த எங்களைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரைக் கையில் பிடித்தபடி ஒரு காலை நீட்டினார். அவரைப் பார்த்து அவர் வீட்டம்மா நீட்டினார். சற்று நேரத்தில் பெஞ்சு முழுவதும் கால்கள் நீட்டியபடி இருந்தன. காலை இறக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டுமா, நீட்டியபடியே குடிக்கலாமா என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

நான் சூப்புக்காரம்மாவைப் பார்த்தேன். அவர் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எறக்கிட்டுக் குடிங்க சாமி," என்றார். "மேல சிந்தும்."